கஜா புயலில் ஒரு நாட்டுக்கோழிப் பொரிப்பகம்: மின்சாரம் இல்லாத 12 நாட்கள்

பின்னணி

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கிராமங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. இங்கே பதிவாவது அந்தப் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் நடந்துவந்த சிறிய பொரிப்பகத்தின் கதை. வீட்டார் குறிப்பேட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்ததால் இதைச் சொல்ல முடிகிறது. பெயர்களும் ஊரும் விடப்பட்டுள்ளன.

கணவன், மனைவி, கணவரின் தாயார் மூவரும் சேர்ந்து நடத்திய தொழில் இது. முதல் பதினெட்டு நாள் முட்டையைத் திருப்பித் திருப்பிச் சூட்டில் வைக்கும் எந்திரமான செட்டர் ஒன்று, கடைசி மூன்று நாள் வைத்துக் குஞ்சு பொரிக்கும் எந்திரமான ஹேச்சர் ஒன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் 300 முட்டை செட்டரில் வைப்பார்கள். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டைகளை எடுப்பார்கள். பதினெட்டாம் நாள் ஹேச்சருக்கு மாற்றுவார்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு இறங்கும். செட்டரில் வெப்பம் 37.6 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் செட்டரில் 55 முதல் 60 சதவீதம், ஹேச்சரில் 65க்கு மேல். புயலுக்கு முந்தைய ஞாயிறன்று, நவம்பர் 11இல், இறங்கிய தொகுப்பில் ஹேச்சருக்குப் போன 256 முட்டையிலிருந்து 224 குஞ்சு கிடைத்திருந்தது. நல்ல பொரிப்புதான். பின்னால் வரும் எண்களை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்று ஏற்பாடு இல்லாத வீடு அல்ல இது. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியுடன் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. தகரக் கொட்டகையில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றும் இருந்தது. ஆனால் இரண்டுமே வழக்கமான இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டைக் கணக்கிட்டு வாங்கியவை. அந்த வெட்டுகளில் அவை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை. அதனால் அதற்கு மேல் யோசிக்கத் தேவையும் வரவில்லை.

நவம்பர் 15: புயலுக்கு முந்தைய மாலை

அன்றைய நிலவரம்: அக்டோபர் 28இல் வைத்த தொகுப்புக்குப் பதினெட்டாம் நாள். அதிலிருந்து 251 முட்டைகளை மாலையில் ஹேச்சருக்கு மாற்றினார்கள். நவம்பர் 4இல் வைத்ததில் 259 முட்டை செட்டரில் இருந்தது. மறுநாள் விடிந்தால் அதற்குப் பன்னிரண்டு நாள். நவம்பர் 11இல் வைத்த 300 முட்டைக்கு ஐந்து நாள். அடுத்த ஞாயிற்றுக்காகச் சேர்த்து வைத்திருந்த முட்டை 140.

புயல் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்ததால் கணவர் பகலிலேயே 10 லிட்டர் பெட்ரோல் வாங்கி வைத்தார். பேட்டரியில் தண்ணீர் அளவு பார்த்தார். ஹேச்சரின் தண்ணீர்த் தட்டுகளை நிரப்பினார். இவை எல்லாம் சரியான செயல்கள். விட்டுப்போனது ஒன்று: ஜெனரேட்டர் கொட்டகையிலேயே கிடந்தது. காற்று வேகமெடுத்த பிறகு கொட்டகைக்குப் போகவே முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரவு 10 மணிக்கு மேல்

பத்து மணி வாக்கில் மின்சாரம் நின்றது. இரண்டு எந்திரங்களும் இன்வெர்ட்டருக்கு மாறின. ஹீட்டரும் விசிறியும் ஒரே இணைப்பில் இருந்ததால் பேட்டரியின் பெரும்பகுதியை ஹீட்டர்கள் தின்றன. மூன்று மணிக்கு முன்பே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. வெளியே தென்னை முறியும் சத்தம். கொட்டகையின் தகரம் பறந்துவிட்டது. கதவைத் திறப்பதே ஆபத்து என்ற நிலை.

கணவர் எடுத்த முடிவு எவருக்கும் முதலில் தோன்றும் முடிவு. சூடு வெளியேறக் கூடாது என்று காற்றுத் துளைகளை மூடி, வீட்டிலிருந்த கம்பளி, போர்வை, சாக்கு எல்லாவற்றையும் கொண்டு இரண்டு எந்திரங்களையும் சுற்றிக் கட்டினார். மின்சாரம் போனதும் எந்திரத்தின் எண் காட்டியும் இருண்டுவிட்டது. உள்ளே என்ன வெப்பம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. விடியும்வரை திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க வேண்டும், இந்த நிகழ்வின் சாரமே இதுதான். ஐந்து நாள் கரு தானாக வெளியிடும் சூடு மிகச் சொற்பம். அதற்கு வெளியிலிருந்துதான் சூடு வர வேண்டும். பத்து நாள் தாண்டினால் கரு தன் சூட்டைத் தானே உண்டாக்கத் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நாளில் முட்டைக்குள் இருப்பது ஏறக்குறைய முழுக் குஞ்சு. அது சுவாசிக்கிறது, சூட்டை வெளியே தள்ளுகிறது. அந்த வயதில் 250 முட்டைகள் சேர்ந்து வெளியிடும் சூடு சுமார் 30 வாட். நன்றாக மூடிய ஒரு சிறு பெட்டிக்குள் 30 வாட் பல்பு இரவெல்லாம் எரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் விசிறி நின்ற ஹேச்சருக்குள்ளும் ஆகும். குளிர்ச்சியைக் கரு ஓரளவு தாங்கும். அதிகச் சூட்டைத் தாங்காது. முட்டைக்குள் 40 டிகிரியைத் தாண்டி நின்றால் சாவு தொடங்குகிறது.

ஆக, அன்று இரவு செய்த ஒரே வேலை ஒரு எந்திரத்துக்கு மருந்தாகவும் அடுத்ததற்கு விஷமாகவும் இருந்தது.

நவம்பர் 16, காலை 7 மணி

காற்று ஓய்ந்ததும் முதலில் பின்கட்டுக்குப் போனவர் மாமியார். ஹேச்சர் மேலிருந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார். “ஏம்மா, உள்ள இருக்கிறது குஞ்சும்மா. மூச்சு விட வேண்டாமா அதுக்கு? தொறந்து விடு.” கணவர் தயங்கினார், திறந்தால் குளிர்ந்துவிடுமே என்று. மனைவி திறந்தார். மேல் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மாமியார் தன் கண்ணிமையில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுடுகிறது என்றார். எகிப்தில் மின்சாரமே இல்லாத மண் அடுப்புப் பொரிப்பகங்களில் முட்டையின் சூட்டை இமையில் வைத்துத்தான் பல நூறு ஆண்டுகளாகப் பார்த்துவந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அவர் அடைக்கோழி வைத்துப் பழகியவர்.

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. அதை முட்டைகளுக்கு இடையில் வைத்தார்கள். ஹேச்சரின் மேல் தட்டில் 41க்கு மேல். கீழ்த் தட்டில் 38.5. செட்டரில் எதுவும் காட்டவில்லை. அந்தக் கருவி 32க்குக் கீழே காட்டாது. ஒரே அறையில், ஒரே மாதிரி மூடப்பட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று கொதித்தது, மற்றது குளிர்ந்திருந்தது.

முதல் நாள் முடிவுகள்

ஹேச்சருக்கு: போர்வைகளை எடுத்தார்கள், துளைகளை முழுக்கத் திறந்தார்கள், கதவை அரை மணி நேரத்துக்கும் மேல் திறந்தே வைத்தார்கள். 37.5க்கு இறங்கியதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள். அதன் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் தெர்மாமீட்டரோடு பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். மழைக்குப் பிந்தைய காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் கதவைத் திறந்து மூடியதில் முட்டைகள் காயவில்லை. இதே வேலையைச் சித்திரை வெயிலில் செய்திருந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சு ஓட்டோடு ஒட்டியிருக்கும். அப்போது ஈரத்துணி தொங்கவிட வேண்டும்.

செட்டருக்கு: போர்வைகள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். தட்டுகளின் வரிசையை மட்டும் மாற்றினார்கள். பன்னிரண்டு நாள் முட்டைகள் கீழே, ஐந்து நாள் முட்டைகள் மேலே. மூத்த கருக்கள் விடும் சூடு மேலேறி இளையவற்றுக்குப் போகட்டும் என்பது கணவரின் எண்ணம். சரியான எண்ணம். எரிவாயு அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, 5 லிட்டர் கேன்களில் ஊற்றி, துணி சுற்றி, அடித்தளத்தில் நான்கு கேன்கள் வைத்தார்கள். கைப்பம்பு இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். மோட்டாரை மட்டும் நம்பியிருந்தால் தண்ணீருக்கே வழியில்லை.

இந்த வெந்நீர்க் கணக்கை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 5 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 175 வாட்-மணி சூட்டை விடுகிறது. நான்கு கேன்கள் என்றால் 700. அவர்களுடைய பேட்டரி முழுச் சார்ஜில் தரக்கூடியதில் பாதிக்கும் மேல். சூடு வேண்டுமானால் அதற்கு மலிவான வழி தண்ணீர்தான். பேட்டரியை ஹீட்டருக்குக் கொடுப்பது வீண்.

முட்டை திருப்பும் மோட்டார் நின்றுபோனதால் தட்டுகளைக் கையாலேயே சாய்க்க வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மனைவி பொறுப்பெடுத்தார். குறிப்பேட்டில் ஒவ்வொரு தடவையும் இடம், வலம் என்று எழுதியிருக்கிறார்.

மதியத்துக்குள் ஜெனரேட்டரை இழுத்துவந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, எப்படியோ ஓடவைத்தார்கள். திண்ணைக்கு வெளியே வைத்துத்தான் ஓட்டினார்கள். மழைக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்து ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு முதலில் மனிதர்களைக் கொன்றிருக்கும். பெட்ரோல் 10 லிட்டர், மணிக்கு முக்கால் லிட்டர் செலவு. தொடர்ந்து ஓட்டினால் பதின்மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சாலையெங்கும் மரங்கள் கிடந்தன, செல்போன் கோபுரங்கள் வேலை செய்யவில்லை. பக்கத்து பங்க்கிலும் மின்சாரம் இல்லாததால் பம்பு ஓடாது. ஜெனரேட்டர் என்ற மாற்று ஏற்பாடு பெட்ரோலை நம்பியிருக்கிறது, பெட்ரோல் பங்க் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. புயலில் இரண்டும் சேர்ந்தே படுத்துவிட்டன.

அதனால் நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஓடும் நேரத்தில் செட்டர் ஹீட்டர், பேட்டரி சார்ஜ், செல்போன் எல்லாம் ஒன்றாக. மின்வேலை தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, இரண்டு எந்திரங்களிலும் விசிறியின் இணைப்பை ஹீட்டரிலிருந்து பிரித்துக் கொடுத்தார். இடைப்பட்ட நேரத்தில் பேட்டரி விசிறிக்கு மட்டும். அன்று ஏறிய சார்ஜ் ஒரு விசிறிக்கே போதும் என்பதால் முதல் இரவு ஹேச்சர் விசிறி மட்டும் ஓடியது. 17ஆம் தேதியிலிருந்து இரண்டும் ஓடின. என் கணிப்பில், அந்த 12 நாட்களில் செய்த வேலைகளில் மிகவும் பயன்பட்டது இந்த இணைப்புப் பிரிப்புதான்.

அடைக்கோழிகள்

அன்று மாலை மாமியார் இன்னொரு யோசனை சொன்னார். வீட்டுத் திண்ணையில் கூடைக்குள் இரண்டு கோழி அடையில் இருந்தன. பக்கத்து வீட்டில் ஒன்று. ஊரில் எத்தனையோ கோழி செத்துப்போயிருக்க, இவை தப்பியிருந்தன. கோழிக்கு பதினொன்று வீதம் 33 முட்டைகளை ஐந்து நாள் தொகுப்பிலிருந்து எடுத்து, இருட்டிய பிறகு அடியில் வைத்தார்கள். எதை எடுப்பது என்பதிலும் யோசித்தார்கள். தாய்க்கோழிகளாக வளர்க்க நினைத்திருந்த அசில் என்ற நாட்டுக்கோழி இனத்தின் வழி வந்த முட்டைகளை முதலில் எடுத்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்த நேரத்தில் எதைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

சேர்த்து வைத்த 140 முட்டைகளை ஞாயிறன்று செட்டரில் வைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரம் கடைகளே திறக்காத ஊரில் அது பெரிய உதவி. செட்டருக்கும் நல்லது. குளிர்ந்த 140 முட்டைகளைச் சூடாக்கும் சுமையும் அதற்கு இல்லாமல் போனது.

பொரிப்பு

முதல் தொகுப்பு 17ஆம் தேதி மாலை ஓடு கொத்தத் தொடங்கி, 18ஆம் தேதி மதியம் முடிந்தது. 251இல் 148 குஞ்சு. தட்டுவாரியாக அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்: மேல் தட்டில் 84க்கு 27, நடுத் தட்டில் 84க்கு 55, கீழ்த் தட்டில் 83க்கு 66. சூடு எங்கே தேங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பொரியாத 103 முட்டையையும் உடைத்துப் பார்த்தார்கள். 68இல் முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டைக் கொத்தாமலே செத்திருந்தது, பலவற்றில் மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதும் போகவில்லை. 21இல் கொத்திய பிறகு செத்திருந்தது. மீதி 14 முன்பே செத்தவை, டார்ச்சில் தப்பியவை. செத்த குஞ்சுகளை உடைத்துப் பார்ப்பது மனத்துக்குக் கஷ்டமான வேலை. ஆனால் அதைச் செய்யாதிருந்தால் குளிரில் செத்தது என்றே அந்த வீட்டில் இன்றுவரை நினைத்திருப்பார்கள். அடுத்த தடவை இன்னும் இறுக்கிக் கட்டியிருப்பார்கள்.

18ஆம் தேதி மாலை தஞ்சாவூரிலிருந்து உறவினர் ஒருவர் பெட்ரோல் கொண்டுவந்து சேர்த்தார். அப்போது கேனில் ஒரு லிட்டர் அளவே மிச்சம். அதன் பிறகு எரிபொருள் விட்டு விட்டுக் கிடைத்தது. இரண்டு மணி நேர முறை அப்படியே தொடர்ந்தது. மின்சாரம் வந்தது 27ஆம் தேதி மாலை.

இரண்டாம் தொகுப்பை 22ஆம் தேதி ஹேச்சருக்கு மாற்றியிருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தபோது முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சிறிதாக இருந்தது. வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது என்று ஒரு நாள் தள்ளி மாற்றினார்கள். இருந்த 259இல் 21 செத்திருந்தன. மாற்றிய 238இல் 187 குஞ்சு, 26ஆம் தேதி, ஒரு நாள் தாமதமாக. பன்னிரண்டு நாள் கரு அந்த இரவைப் பெரும்பாலும் தாங்கிவிட்டது.

மூன்றாம் தொகுப்பே அதிகம் அடிபட்டது. செட்டரில் மிச்சமிருந்த 267 முட்டைகளை 20ஆம் தேதி பார்த்தபோது 36 கூமுட்டை, 71இல் ரத்த வளையம். ரத்த வளையம் என்பது கரு தொடக்கத்திலேயே செத்ததன் அடையாளம். தேவையான சூட்டுக்கும் வளர்ச்சி முழுதாய் நிற்கும் குளிருக்கும் நடுவே, 30 டிகிரி வாக்கில் நெடுநேரம் கிடந்தால் இளங்கரு ஒழுங்கில்லாமல் வளர்ந்து செத்துப்போகிறது. மிஞ்சிய 160இல் 112 குஞ்சு, டிசம்பர் 3, 4 தேதிகளில். கோழிகளுக்கு அடியில் வைத்த 33இல் 26 குஞ்சு டிசம்பர் 2ஆம் தேதி, கணக்குப்படி சரியான நாளில்.

அதற்குப் பிறகு மாற்றியவை

விசிறிக்குத் தனி இணைப்பு நிரந்தரமாகப் போட்டாகிவிட்டது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் விசிறிகளை மட்டுமே எடுக்கும். ஹீட்டர் வேண்டுமானால் ஒருவர் கையால் சுவிட்ச் போட வேண்டும். யோசித்துப் போடட்டும் என்றுதான் அப்படி.

ஜெனரேட்டருக்குக் கொட்டகையை விட்டுவிட்டு, மூன்று பக்கம் செங்கல் சுவரும் கான்கிரீட் மூடியும் உள்ள ஒரு மாடம் கட்டினார்கள். வீட்டு ஜன்னல்களிலிருந்து தள்ளி, புகை வெளியே போகும்படி. புயல் எச்சரிக்கை வந்த அன்றே அதை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பேட்டரியில் ஓடும் தனி வெப்பமானிகள் எந்திரத்துக்கு இரண்டு: ஒன்று மேல் தட்டில், ஒன்று கீழ்த் தட்டில். விலை சொற்பம். ஆனால் அந்த இரவில் அது ஒன்று இருந்திருந்தால் மேல் தட்டுக் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மனைவி ஒவ்வொரு எந்திரத்தின் கதவிலும் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார், பெரிய எழுத்தில். பத்து நாளுக்குள்: மூடு, போர்த்து, வெந்நீர் வை. பத்து முதல் பதினேழு: துளை பாதி திற, போர்வை வேண்டாம், ஒரு மணிக்கு ஒரு தடவை பார். பதினெட்டுக்கு மேல்: துளை முழுதும் திற, விசிறி ஓடட்டும், ஓடாவிட்டால் கதவைத் திற. கலந்து வைத்திருந்தால் மூத்தவை கீழே, இளையவை மேலே. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பயத்தில் இருப்பவர் யோசிக்கத் தேவையில்லாதபடி எழுதிய அட்டை அது.

வைக்கும் கால அட்டவணையிலும் மாற்றம் உண்டு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வாரந்தோறும் 300 வைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 200. எண்ணிக்கை குறைந்தால் வருமானம் குறையும், கணவருக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூன்று வெவ்வேறு வயதில் உள்ள கருக்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு மூன்று விதமாகக் கவனிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அடைக்கோழிகள் அந்த மாதங்களில் எப்போதும் மூன்று நான்கு அடையில் இருக்கும்படி மாமியார் பார்த்துக்கொள்கிறார், பொய் முட்டை வைத்தாவது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. குஞ்சு இறங்கிய பிறகு அதற்கும் சூடு வேண்டும். 2018இல் அந்த 148 குஞ்சுகளையும் பல்பு இல்லாமல், மண்சட்டியில் கரி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து காப்பாற்றினார்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தீனிக்குப் போதும் என்பதால் பசியில் எதுவும் சாகவில்லை. பதினொரு குஞ்சு நெருக்கியடித்து மிதிபட்டுச் செத்தன. குஞ்சு அறைக்கு எரிவாயு அடுப்பு வகைச் சூடேற்றி வாங்குவதா, கரியையே நல்ல புகைபோக்கியோடு ஒழுங்கு செய்வதா என்று அந்த வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.